மணியின் மூட்டும் பிரெஞ்சு டப்பாவும்

எங்கள் தெருவில் நாய் வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். நாய்களும் பத்தைத் தாண்டியவை. பிள்ளைகள் சென்னைக்கும் பாரீஸுக்கும் போய்விட்டார்கள். அவர்கள் ஆசையாகக் கொண்டுவந்த குட்டிகள் எங்களோடு சேர்ந்து கிழமாகிவிட்டன. மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேச்சு இரண்டு விஷயத்தில்தான் வந்து நிற்கும். ஒன்று நம் முழங்கால். இன்னொன்று நாயின் பின்னங்கால்.

"முசே, உங்க மணிக்கு மூட்டுக்கு என்ன கொடுக்கிறீங்க? எந்த டப்பா நல்லது?" என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். வாசலில் நின்றபடி சொல்லிவிடக்கூடிய பதில் அல்ல அது. நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும். அதனால் எழுதிவிடுகிறேன்.

மணி எங்களிடம் வந்தது தானே புயலுக்குப் பிறகு. 2011 டிசம்பர் 30-ம் தேதி அடித்த காற்றில் எங்கள் தெரு வேப்பமரம் விழுந்தது. மூன்றாம் நாள் கிளைகளுக்கு அடியிலிருந்து முனகல் கேட்டது. விலக்கிப் பார்த்தால் செம்பட்டை நிறத்தில் ஒரு நாட்டு நாய்க்குட்டி. பெட்டை. பிரெஞ்சில் குழந்தைகள் நாயைத் 'தூத்தூ' என்பார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்ற மிதப்பில் அந்தப் பெயரையே வைக்கலாம் என்றேன். "வாசல்ல நின்னு தூத்தூன்னு கூப்பிட்டா, போறவன் வர்றவன்லாம் சண்டைக்கு வருவான்" என்று சொல்லி என் மனைவி மணி என்று வைத்துவிட்டாள்.

பதினோரு வருஷம் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. 2023 பொங்கல் சமயத்தில்தான் பார்த்தேன். காலையில் எழும்போது முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்து, இரண்டு தடவை முயன்று எழுந்தாள். நாலு அடி நடந்ததும் சரியாகிவிட்டது. தெருவிலிருந்து எங்கள் திண்ணைக்கு மூன்று படி. ஒரே தாவலில் ஏறுகிறவள், கீழே நின்று படியைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக ஏறினாள். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் மகள் பிரான்சிலிருந்து வந்தபோது தங்கள் நாய்க்கு வாங்கி வந்த மூட்டு மாத்திரை டப்பா ஒன்றை எங்களுக்கும் கொடுத்தார். பளபளவென்ற டப்பா, ஓடுகிற நாயின் படம். உள்ளே குளுக்கோசமைன், கான்ட்ராய்ட்டின். முதலாவது பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. இரண்டாவது மாடு முதலியவற்றின் குருத்தெலும்பிலிருந்து. மூட்டில் தேய்வது குருத்தெலும்பு. அதையே உள்ளே கொடுத்தால் தேய்ந்தது வளரும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியே 1761-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் தோன்றியது என்று எங்கோ படித்திருந்தேன். அந்த நாட்டுச் சரக்கு சோடை போகுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டப்பா தீர்ந்ததும் அதே சரக்குள்ள வேறொரு டப்பாவை இங்கேயே வாங்கினேன். மாதம் 1,400 ரூபாய்.

ஒரு மாதத்தில் மணி தேறிவிட்டாள் என்று தோன்றியது. தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். மே மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது டாக்டரம்மா கேட்டார்: "நடையெல்லாம் எப்படி இருக்கு சார்?" "மாத்திரை கொடுக்கிறேம்மா, இப்ப நல்லா இருக்கா" என்றேன். அவர் கார்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "ஏங்க, அவ நல்லா இல்லை. உங்களுக்குத்தான் நல்லா இருக்கு." எனக்குக் கோபம் வந்தது. காசு செலவழிக்கிறவன் நான், தினமும் சோற்று உருண்டையில் வைத்து ஊட்டுகிறவன் நான் என்று ஏதோ சொன்னேன். அவள் பதில் பேசவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி மணியைக் குளிப்பாட்டினாள். இடுப்பில் சோப்புப் போட்டபோது மணி திரும்பி அவள் கையைக் கவ்விவிட்டாள். பல் பதியவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் மணி அவளைப் பார்த்து உறுமியதுகூட இல்லை. கவ்வியவள் உடனே காதை மடக்கிக்கொண்டு மூலையில் போய்ப் படுத்தாள். மனைவி ஈரக் கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். அவர் மணியை மேஜையில் ஏற்றாமல் தரையிலேயே உட்கார்ந்து பார்த்தார். பின்தொடையை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். தொடையில் சதை கரைந்திருந்தது. உடம்பு மட்டும் பெருத்திருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்து ஓரத்தில் எலும்பு முளைத்திருந்தது. பிரெஞ்சில் இதற்கு 'ஆர்த்ரோஸ்' என்று பெயர். மூட்டு அழற்சியை 'ஆர்த்ரித்' என்பார்கள். இரண்டும் தனித்தனி வார்த்தை. இங்கே எல்லாவற்றையும் ஆர்த்ரைட்டிஸ் என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். மணிக்கு வந்திருந்தது முதல் வகை, தேய்மானம். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது.

"இவளுக்கு ரொம்ப நாளா வலி இருந்திருக்கு சார்" என்றார் டாக்டர். "நாய் வலிக்குதுன்னு கத்தாது. மெதுவா எழும், ஏற யோசிக்கும், மூட்டை நக்கும், தொட்டா கோபப்படும். அவ்வளவுதான் அதோட பாஷை." பிறகு கார்டைத் திருப்பிப் பார்த்தார். மே மாதத்துக் குறிப்பு அதில் இருந்தது: நன்றாக நடக்கிறது என உரிமையாளர் கூறுகிறார்.

முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கோப்பில் குறிப்பு எழுதியவன் நான். ஒரு தப்பான வரி கோப்பில் ஏறிவிட்டால் அதன்மேல் எத்தனை உத்தரவு கட்டப்படும் என்று எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து போன அந்த ஒரு வரியால் மணி மேலும் ஐந்து மாதம் வலியோடு இருந்தாள். டாக்டர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆறுதலுக்கோ என்னவோ, ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். மூட்டுத் தேய்மானத்தால் நொண்டும் 58 நாய்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். நாய் காலை எவ்வளவு அழுத்தி ஊன்றுகிறது என்பதைத் தரையில் பதித்த கருவி அளந்தது. கருவி முன்னேற்றம் இல்லை என்று காட்டியபோதும் வளர்ப்பவர்கள் 'தேறிவிட்டது' என்று சொன்னது நூற்றுக்கு ஏறக்குறைய 40 தடவை. கால்நடை மருத்துவர்களே நூற்றுக்கு 45 தடவை ஏமாந்தார்கள். இது 2012-ல் வெளியான ஆய்வு. மாத்திரை நாய்க்குப் போகிறது, நம்பிக்கை நமக்கு வந்துவிடுகிறது.

டப்பாவைப் பற்றிக் கேட்டேன். 2022-ல் மொன்றியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாய் பூனைகளின் மூட்டுத் தேய்மானத்துக்கான உணவுகள், துணைச்சத்துகள் பற்றிய 72 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததைச் சொன்னார். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 வலியைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் இருந்தது. கொலாஜனுக்குச் சிறிதளவு. குளுக்கோசமைன்-கான்ட்ராய்ட்டினுக்குப் பலனே தெரியவில்லை. வலிக்கு அதை இனிப் பரிந்துரைக்கவேண்டாம் என்றே எழுதிவிட்டார்கள். மொன்றியால் பிரெஞ்சு பேசுகிற ஊர். என் பிரெஞ்சு மோகத்தைப் பிரெஞ்சுக்காரர்களே வந்து தீர்த்துவைத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து சொல்தா கொடுத்த பழைய டப்பாவைத் தேடி எடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டு முதல்முறையாகப் பொடி எழுத்தைப் படித்தேன். மருந்து என்று எங்குமே இல்லை. 'அலிமான் கொம்ப்ளெமான்தேர்' என்று போட்டிருந்தது. துணைத் தீவனம் என்று பொருள். குணமாக்கும் என்றும் இல்லை. மூட்டின் நலத்துக்கு 'உதவுகிறது' என்று மட்டும். மருந்து என்றால் அது வேலை செய்கிறது என்று காட்டியாக வேண்டும். துணைத் தீவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. படிக்கத் தெரிந்த பாஷையில்தான் எழுதியிருந்தது. படிக்காமல் விட்டது நான்.

டாக்டர் சொன்ன வைத்தியத்தில் முதலிடம் மாத்திரைக்கு இல்லை, எடைக்கு. மணி 23.5 கிலோ இருந்தாள். 20 கிலோவுக்குள் கொண்டுவரச் சொன்னார். மொத்த எடையில் 6 சதவீதம் குறைந்தாலே நொண்டல் குறைவது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறதாம். மணிக்கு அது ஒன்றரைக் கிலோகூட இல்லை. 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஓர் ஆய்வில், 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருஷம் அதிகம் வாழ்ந்தன; மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. நாங்களோ மாத்திரை வைக்கிற சாக்கில் தினமும் இரண்டு நெய்ச்சோற்று உருண்டை கூடுதலாகக் கொடுத்து வந்தோம்! அதை நிறுத்தினோம். பிஸ்கட்டை நிறுத்தினோம். சோற்றைக் குறைத்து, வேகவைத்த பூசணியும் பீன்ஸும் கோழியும் சேர்த்தோம். எடை பார்க்க அரிசி மண்டிக்காரர் தன் எடை மேடையை விட்டுக்கொடுத்தார். வாரா வாரம் மூட்டைகளுக்கு நடுவே மணி ஏறி நிற்பாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவளாகவே போய் ஏறினாள்.

இரண்டாவது, வலி மாத்திரை. மெலாக்சிகாம் என்று எழுதிக்கொடுத்தார். அதற்கு முன் ரத்தம் எடுத்துச் சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார். சாப்பாட்டோடு ஒருவேளை. இதைத் தயவுசெய்து யாரும் தாங்களாகக் கொடுக்காதீர்கள். நம் வீட்டில் இருக்கும் இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதையும் கொடுக்காதீர்கள். நமக்கு வலி தீர்க்கிற மாத்திரை நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாழாக்கிவிடும்.

மூன்றாவதுதான் துணைச்சத்து. அங்கேதான் என் குமாஸ்தா புத்தி உதவியது. மீன் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனால் எல்லா டப்பாவிலும் '1000 மி.கி.' என்று பெரிதாக இருக்கிறது. அது எண்ணெயின் எடை. வேலை செய்கிற சரக்கு இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் சாதாரண மாத்திரையில் 180-ம் 120-ம், ஆக 300 மி.கி.தான். டாக்டர் மணிக்குச் சொன்ன கணக்கு, கிலோவுக்கு 75-லிருந்து 100 மி.கி. வரை. 20 கிலோவுக்கே 1,500 மி.கி. வேண்டும். தினமும் ஒரு மாத்திரை போட்டுவிட்டு 'மீன் எண்ணெய் கொடுக்கிறேன்' என்றால் தேவையில் ஐந்தில் ஒரு பங்குதான் கொடுத்ததாக அர்த்தம்.

ஆபீசில் டெண்டர் வந்தால் ஒப்பீட்டுப் பட்டியல் போடுவோம். அதே மாதிரி ஆறு டப்பாக்களுக்குப் போட்டேன். டப்பா விலையை விட்டுவிட்டு, 100 மி.கி. சரக்குக்கு என்ன விலை என்று ஒரு பத்தி. பார்க்க விலை கூடிய, 600 மி.கி. சரக்குள்ள மாத்திரைதான் கணக்கில் மலிவாக வந்தது. நாய்ப் படம் போட்ட டப்பாக்களில் பாதிக்கு மேல் எவ்வளவு சரக்கு என்றே எழுதவில்லை. எழுதாத டெண்டரைத் தள்ளுபடி செய்வதுதானே முறை, தள்ளிவிட்டேன்.

சில எச்சரிக்கைகள். மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. ஈரல் எண்ணெயில் ஏ, டி வைட்டமின்கள் அதிகம். நாய்க்குத் தேவைப்படும் அளவுக்கு ஏற்றினால் அந்த வைட்டமின்களே விஷமாகும். மனிதர்களுக்கான இனிப்பு மாத்திரைகளில் சைலிட்டால் இருக்கலாம். அது நாயைக் கொல்லும். மீன் எண்ணெயை ஒரே நாளில் முழு அளவு கொடுத்தால் வயிறு போகும். நாங்கள் ஒரு மாத்திரையில் தொடங்கி மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றினோம். அதுவும் கொழுப்புதான், எடைக் கணக்கில் சேர்க்கவேண்டும். கணையக் கோளாறு உள்ள நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது.

"மீன்ல இருக்கறத மீனாவே கொடுக்கலாமே" என்றாள் மனைவி. டாக்டரும் சரி என்றார். வாரத்தில் இரண்டு நாள், உப்பில்லாமல் வேகவைத்த கவலை மீன். பருவத்துக்குப் பருவம் அதில் எண்ணெய் ஏறி இறங்கும் என்பதால் கணக்குக்கு மாத்திரையும் உண்டு. மீன்காரம்மா கேட்டார்: "யாருக்கும்மா கவலை?" "எங்க மணிக்கு" என்றாள் மனைவி. இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

மஞ்சளைப் பற்றியும் கேட்கிறார்கள். மஞ்சளின் சாரம் உடம்பில் ஏறுவது மிகக் குறைவு. சோற்றில் கொஞ்சம் போடுவதில் தப்பில்லை. வைத்தியம் என்று நம்பி மற்றதை விட்டுவிடக்கூடாது.

கடைசியாக டாக்டர் கேட்டது ஒரு நோட்டு. தினமும் இரண்டு விஷயம். காலையில் எழ எத்தனை விநாடி? மூன்று படியில் எத்தனை படி நிற்காமல் ஏறினாள்? வாரம் ஒருமுறை எடை, அதோடு ஒரே இடத்தில் நின்று செல்போனில் எடுத்த நடை வீடியோ. எதைக் கொடுத்தாலும் இரண்டு மாதம் இந்த எண்கள் அசையவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

எழுதுகிற பொறுப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். என்னை நான் நம்பவில்லை. வலி மாத்திரையும் எடைக் குறைப்பும் ஓடிக்கொண்டிருந்தபோது, மீதமிருந்த பழைய குளுக்கோசமைன் டப்பாவை வைத்து ஒரு சோதனை செய்தோம். கொடுக்கிறேனா நிறுத்தினேனா என்று அவளிடம் சொல்லவில்லை. ஒரு மாதம் கொடுத்தேன், ஒரு மாதம் நிறுத்தினேன். நோட்டில் வித்தியாசமே இல்லை. அதன் பிறகு வாங்கவில்லை. ஒரே ஒரு நாயின் கணக்கு இது, ஊருக்கெல்லாம் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மணியின் டப்பாவை முடிவு செய்ய மணியின் கணக்கு போதும்.

வலி மாத்திரை தொடங்கிய நாலாம் நாள் அவள் திண்ணையில் ஏறிப் படுத்திருந்தாள். எடை குறையக் குறையத் தெருமுனை வரை போனாள். ஒமேகா-3 சேர்த்து இரண்டரை மாதத்தில் எழும் நேரம் இன்னும் கொஞ்சம் குறைந்தது. வலி மாத்திரையின் அளவை டாக்டரால் சற்றுக் குறைக்க முடிந்தது. வழவழப்பான டைல்ஸில் கால் வழுக்காமல் இருக்கக் கூடத்தில் கோணிச்சாக்கு விரித்தோம். அதற்கு எங்கள் செலவில் மிகக் குறைந்த விலை. பலனில் அப்படி இல்லை.

இப்போது யாராவது எந்த டப்பா என்று கேட்டால், முதலில் டாக்டரிடம் காட்டி வலி இருக்கிறதா என்று பாருங்கள், எடையைப் பாருங்கள், பிறகு டப்பாவின் பின்பக்கம் படியுங்கள் என்கிறேன். சொல்தாவுக்கு மட்டும் இதைச் சொல்ல ஒரு மாதம் தயங்கினேன். அன்பாகக் கொடுத்தவர். ஒருநாள் சொன்னேன். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மறுவாரம் அவர் வீட்டு வாசலிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கியது.

போன ஆவணியில் மனைவி எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு பத்தி போட்டிருந்ததைப் பார்த்தேன். தலைப்பு இல்லை. எழ எத்தனை விநாடி, எத்தனை படி என்று மட்டும். மணியின் எழுத்துக்கணக்கு முன்பக்கம் இருக்கிறதே, இது யாருடையது என்று கேட்டேன். "என் முட்டி" என்றாள். "நீங்க கேட்பீங்கன்னு பார்த்தேன்." மறுநாளே அவளை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இப்போது அந்தப் பத்தியை எழுதுவது நான்.

மணிக்குப் பதிமூன்று முடிந்துவிட்டது. 20.1 கிலோ. தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான், ஒருநாள் இறங்குமுகம் வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது வரும்போது நோட்டு சொல்லும், நாங்கள் அதற்கு மாறாகச் சொல்ல மாட்டோம்.

இன்று காலைக் கணக்கு: எழ ஆறு விநாடி. படி இரண்டு நிற்காமல் ஏறினாள். மூன்றாவதில் நின்று திரும்பிப் பார்த்தாள், நாங்கள் வருகிறோமா என்று.